லினெட்டின் கையெழுத்து

என் அன்பு ஹேசலுக்கு,

மேரிபோர்ட்டிலிருந்து அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஒருவரோடொருவர் சண்டை போட்டுக்கொண்டு, நன்றாகவே இருக்கிறோம். அங்கே உங்களுக்கு இப்போது கடுங்குளிர். நீயும் கோலினும் சின்னவள் டெஸ்ஸும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் எனக்கு நிம்மதி. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசியபோது, நாங்கள் வாங்க இருந்த அந்தப் படியில்லாத வீடு என்ன ஆயிற்று என்று கேட்டாய். "அது அமையலம்மா, விடு" என்று அம்மா பேச்சை மாற்றிவிட்டாள். அதன் பிறகுதான் நீங்களும் டனீடினில் வீடு வாங்கப் போவதைச் சொன்னாய். வீட்டை விற்றுத்தரும் தரகரே வக்கீலையும் பிடித்துத் தருகிறாராம், அலைச்சல் மிச்சம் என்று சந்தோஷமாகச் சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்து மூன்று முறை எழுந்துவிட்டேன், ஒரு முறை டீ போட, ஒரு முறை கேட்டைச் சாத்த, மூன்றாவது முறை எதற்கென்றே தெரியவில்லை. போனில் இதையெல்லாம் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

அம்மாவின் முழங்கால் உனக்குத் தெரியும். போன குளிர்காலத்திலிருந்து அவள் மாடியிலிருந்து நடந்து இறங்குவதில்லை, படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நகர்ந்து வருகிறாள், அதையும் நான் பார்க்கக் கூடாது என்று உத்தரவு. ஏப்ரலில் கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஒரு வீடு விலைக்கு வந்தது. ஒரே தளம், வாசலில்கூடப் படி கிடையாது, குளியலறை அகலமானது. பார்த்ததுமே அம்மா சமையலறையில் நின்றுகொண்டு எந்தப் பாத்திரம் எங்கே என்று கையால் காட்ட ஆரம்பித்துவிட்டாள். வீட்டுக்காரர் கிரஹாம் டோல்சன், லீட்ஸில் இருக்கிறார், அவருடைய அம்மா டிசம்பரில் இறந்துபோனதால் விற்கிறார் என்று தரகர் டொமினிக் சொன்னான். நம் வீட்டை வாங்கவும் ஆள் கிடைத்துவிட்டது, கெய்லி, ரயன் என்று ஒரு இளம் ஜோடி, அவள் ஐந்து மாதக் கர்ப்பிணி. அவர்கள் எங்களுக்காக, நாங்கள் அந்த வீட்டுக்காக, எல்லோரும் ஒருவர் பின்னால் ஒருவராகக் காத்திருக்க வேண்டிய நிலை.

வக்கீல் பிடிக்கும் வேலை என்னுடையது. டொமினிக் அன்றைக்கே ஒரு பளபளப்பான அட்டையைக் கையில் திணித்தான், ஏதோ ஊரில் இருக்கும் ஒரு கம்பெனி, பாதிக் கட்டணம். "எல்லாம் கம்ப்யூட்டர்லயே முடிஞ்சிரும் சார், நீங்க சோபாவ விட்டு எந்திரிக்கவே வேணாம்" என்றான். போன் செய்தேன், வரிசையில் பத்தொன்பதாவது ஆள் என்று சொல்லி இசை போட்டார்கள், கடைசியில் வந்த பெண் என் பெயரைக் கேட்கும் முன் கேஸ் நம்பரைக் கேட்டாள். அடுத்து வொர்க்கிங்டனில் ஒருவர், நான் எதைக் கேட்டாலும் ஒண்ணும் பிரச்சினை இல்லை என்றார், நான் கேட்டு முடிப்பதற்குள்ளேயே சொன்னார். மூன்றாவதாகக் காக்கர்மவுத்தில் மிஸஸ் கிட்சன். அவர் அலுவலகம் ஒரு ரொட்டிக்கடைக்கு மேல் மாடியில், ஏறக்குறைய இருபது படி. அம்மா கீழேயே நின்றுவிட்டாள். மேலிருந்து எட்டிப் பார்த்த மிஸஸ் கிட்சன் கைத்தடியைக் கண்டதும் காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு தானே இறங்கி வந்தார், ரொட்டிக்கடையின் மூலை மேசையில் எங்களோடு உட்கார்ந்தார். அம்மாவுக்கு அப்போதே முடிவாகிவிட்டது. அவர் கேட்ட முதல் கேள்வி விலையைப் பற்றி இல்லை, "அந்த வீட்டுல இப்ப யாரு இருக்கா?" என்பதுதான்.

காலியாக இருக்கிறது என்றேன். "காலி இல்ல" என்றாள் அம்மா. பின்பக்கத்து ஜன்னலில் எட்டு தயிர் டப்பாவில் தக்காளி நாற்று இருந்ததாம், ஒவ்வொன்றிலும் சின்ன எழுத்தில் பெயர் ஒட்டியிருந்ததாம். "வீட்ட விட்டுப் போறவங்க யாராவது தக்காளி விதைப்பாங்களா? படுக்கைக்குப் பக்கத்துல செருப்பு வேற இருந்துச்சு, உன் கண்ணுல அதெல்லாம் எங்க படப் போகுது" என்றாள். மிஸஸ் கிட்சன் சிரிக்கவில்லை, எட்டு டப்பா என்பதைக்கூட எழுதிக்கொண்டார். நான்தான் சிரித்தேன். ஹேசல், நீ வக்கீல் பார்க்கப் போனால் இந்த மாதிரி ஆளாகப் பார், உனக்கு எரிச்சல் வரும் அளவுக்குக் கேள்வி கேட்கிற ஆளாக.

எரிச்சல் எனக்கு மே மாதம் முழுக்க வந்தது. விற்பவர் நிரப்பித் தரும் படிவத்தில், வீட்டில் வேறு பெரியவர்கள் யாராவது குடியிருக்கிறார்களா என்ற இடத்தில் கிரஹாம் "இல்லை" என்று எழுதியிருந்தார். மிஸஸ் கிட்சன் அதை ஏற்கவில்லை, திரும்பக் கேட்டு எழுதினார். இரண்டு வாரம் கழித்து, அக்கா லினெட் எப்போதாவது வந்து தங்குவார் என்று பதில் வந்தது. எப்போதாவது என்றால் வாரத்தில் எத்தனை நாள் என்று மறுபடி எழுதினார். நான் தினமும் போன் செய்து நச்சரித்தேன். "மிஸ்டர் ஃபெரன், முப்பது வருஷம் பஸ் ஓட்டினவரு நீங்க. நேரமாச்சுன்னு முன்னாடி ஆள் நிக்கிறாங்களான்னு பாக்காம எடுப்பீங்களா?" என்று கேட்டார். அப்புறம் விளக்கமாகவே சொன்னார். அந்த அக்கா அங்கேயே குடியிருந்து, வீட்டுக்காகத் தன் கைப்பணத்தையும் போட்டிருந்தால், பத்திரத்தில் அவர் பெயர் இல்லாவிட்டாலும் அவருக்கு உரிமை இருக்கலாம், நாம் வீட்டை வாங்கினால் அந்த வில்லங்கமும் வீட்டோடு சேர்ந்து நம்மிடம் வரும். அதனால் எனக்கு எந்த உரிமையும் வேண்டாம், வீட்டை விட்டுப் போய்விடுகிறேன் என்று அவர் ஒரு பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அதுவும் அவருக்கென்று தனியாக ஒரு வக்கீலைப் பார்த்துப் பேசிய பிறகுதான் போட வேண்டும். அந்தப் பக்கத்தை எழுதி எதிர்த்தரப்புக்கு அனுப்பிவிட்டு எனக்கும் ஒரு நகல் அனுப்பினார். நான் அதை ரேடியோவுக்குப் பின்னால் செருகி வைத்தேன்.

ஜூன் வந்தது, அசைவில்லை. ஒரு திங்கட்கிழமை டொமினிக் போன் செய்தான். வேறொருவர் கையில் பணத்தோடு தயாராக நிற்கிறாராம், வெள்ளிக்கிழமைக்குள் முடியாவிட்டால் வீடு அவருக்குத்தானாம். "உங்க வக்கீலம்மா சும்மா இழுத்தடிக்கிறாங்க சார். ஒரே ஒரு கையெழுத்துதானே? நீங்க ஒரு எட்டு போயிட்டு வந்தா அஞ்சு நிமிஷ வேலை" என்றான். செவ்வாயன்று கெய்லி அழுதுகொண்டே பேசினாள், வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். புதனன்று காலை அம்மா படியில் சறுக்கி விழுந்தாள், கடைசி மூன்று படிதான், எலும்பு முறியவில்லை, ஆனால் முழங்கை கறுத்துப் போயிற்று. உன்னிடம் சொல்லக் கூடாது என்றாள், இப்போது சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை, மீன் வாங்கி வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அந்தக் காகிதத்தைக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு மழையில் லினெட்டைத் தேடிக் கிளம்பினேன்.

கதவைத் திறந்தவளுக்கு அறுபது வயதிருக்கும், கையில் மாவு. என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "ஐயோ, முப்பதாம் நம்பர் பஸ்காரரு! உள்ள வாங்க, நனையாதீங்க" என்றாள். எனக்கு முகம் ஞாபகமில்லை, நீலக் கோட்டு என்று அவள் சொன்னதும்தான் வந்தது. ஆறு இருபது வண்டி, ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போகும் பெண், எப்போதும் தெருக்கோடியிலிருந்து ஓடி வருவாள். "ஒரு நாள்கூட என்னை விட்டுட்டுப் போனதில்ல நீங்க. அம்மாவ எழுப்பி, துடைச்சு, சாப்பாடு குடுத்துட்டு ஓடி வருவேன். எனக்காக வண்டிய நிறுத்தி வெப்பீங்க" என்று சொல்லிக்கொண்டே டீ போட்டாள், இஞ்சி கேக் வெட்டினாள். பிறகு, "கூரை விஷயமாவா வந்தீங்க? கவுன்சில்ல கூரைக்குப் பணம் தராங்களாம், யாராவது வந்து பாப்பாங்கன்னு கிரஹாம் சொன்னான். போன தடவை ஆள் வந்தப்ப என்னைக் கொஞ்ச நேரம் வெளிய போயிட்டு வரச் சொன்னான்" என்றாள்.

அந்தப் போன தடவை வந்த ஆள் நானும் அம்மாவும்தான், ஹேசல். வீடு விலைக்குப் போனதே அவளுக்குத் தெரியாது என்று எனக்கு அந்த நொடியில் புரிந்துவிட்டது. கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டு விஷயமாகத்தான் வந்தேன் என்று சொன்னேன். பொய் இல்லை, உண்மையும் இல்லை. காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன், ஒரு கையெழுத்து வேண்டும் என்றேன். அவள் மூக்குக்கண்ணாடியைத் தேடினாள், கிடைக்கவில்லை. "பரவாயில்ல, நீங்க கொண்டு வந்ததுதானே, எங்க போடணும்?" என்று கேட்டாள். அவளுடைய கண்ணாடி ரொட்டிப் பெட்டியின் மேல் இருந்தது. எனக்குத் தெரிந்தது, அவளுக்குத் தெரியவில்லை. நான் இடத்தைக் காட்டினேன். அவள் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முழுப்பெயரையும் எழுதினாள்.

வீட்டுக்கு வந்தபோது மீன் வாங்க மறந்துபோயிருந்தேன். அம்மாவிடம் காகிதத்தைக் காட்டினேன், முடிந்தது, வெள்ளிக்கிழமைக்குள் முடிந்தது என்றேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "படிச்சுப் பாத்தாளா?" என்று கேட்டாள். படித்தாள் என்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, முட்டையும் உருளைக்கிழங்கும் வறுக்கப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ரொட்டிக்கடைக்கு மேல் அந்த இருபது படியும் ஏறினேன். மிஸஸ் கிட்சன் காகிதத்தை வாங்கிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார். "இவங்களுக்கு யாரு படிச்சுக் காட்டினா?" என்றார். யாரும் இல்லை என்றேன். "வீட்ட விக்கிறது இவங்களுக்குத் தெரியுமா?" இதை அனுப்பிவிடுங்கள், இன்றோடு முடியட்டும் என்று மட்டும் சொன்னேன். "நாளைக்கு அந்தம்மா கோர்ட்டுக்குப் போனா இந்தக் காகிதம் நிக்காது, வீடும் போய் மானமும் போகும், அது ஒரு பக்கம். கோர்ட்டே இல்லாத ஊரா இருந்தாலும் நான் இத அனுப்ப மாட்டேன், மிஸ்டர் ஃபெரன்" என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. என் பெண்டாட்டி படியில் உட்கார்ந்து நகர்கிறாள், நீங்கள் யாருக்கு வேலை பார்க்கிறீர்கள், எனக்கா அவளுக்கா என்று கத்தினேன். கீழே கடையில் பேச்சு நின்றது எனக்கே கேட்டது. அவர் குரலை உயர்த்தவில்லை. "உங்களுக்குத்தான். அவங்க என்ன செய்யணும்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல. உங்களுக்குச் சொல்லலாம். இத எங்க வாங்கினீங்களோ அங்கயே கொண்டுபோய்க் குடுங்க. வீடு கை நழுவிப் போகலாம், அதையும் இப்பவே சொல்லிடறேன்" என்றார். காகிதத்தை மடித்து உறையில் போட்டார், மாவட்டத்தில் இருக்கும் வேறு மூன்று வக்கீல்களின் பெயரை எழுதிய ஒரு சீட்டையும் உள்ளே வைத்தார். எங்களுடைய வக்கீலாகிய தானே லினெட்டுக்கும் பேசக் கூடாதாம்.

பஸ்ஸில் திரும்பும்போது ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கினேன், பிறகு துறைமுகம் வரை நடந்தேன், பிறகு திரும்பினேன். கடைசியில் லினெட் வீட்டுக் கதவைத் தட்டி, உறையை அவள் கையில் கொடுத்தேன். வீட்டைக் கிரஹாம் விற்கிறார், வாங்க இருந்தது நாங்கள், நேற்று நீங்கள் போட்ட கையெழுத்தின் பொருள் நீங்கள் வெளியேறச் சம்மதம் என்பது என்று நின்றபடியே சொன்னேன். அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய அம்மா வாங்கிய வீட்டுக் கடனில் பாதியை அடைத்தது இவளுடைய சலவைக்கூடச் சம்பளமாம், பத்திரத்தில் இருப்பதோ தம்பி பெயர் மட்டும். "அவன் எங்கிட்ட ஒரு வார்த்தை…" என்றாள், முடிக்கவில்லை. பிறகு, "நீங்க எதுக்குத் திரும்பி வந்தீங்க?" என்று கேட்டாள். எனக்கே இன்றைக்குத்தான் தெரிந்தது, தப்பு நடந்துவிட்டது என்றேன். அவள் என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். நான் அந்தப் பொய்யோடு வீட்டுக்கு வந்தேன்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லினெட் வொர்க்கிங்டனில் ஒரு வக்கீலைப் பார்த்தாள். கிரஹாம் லீட்ஸிலிருந்து வந்து வாசலில் நின்று கத்திவிட்டுப் போனதாகப் பேச்சு. இரண்டு வாரத்தில் விற்பனைப் பலகையைப் பிடுங்கிவிட்டார்கள், வீடு விற்பனைக்கு இல்லை. பணத்தோடு காத்திருந்த அந்த இன்னொரு ஆள் யாரென்று கடைசிவரை தெரியவில்லை, இருந்தாரோ என்னவோ. கெய்லியும் ரயனும் காத்திருக்க முடியாமல் ஃபிளிம்பியில் வேறு வீடு பார்த்துக்கொண்டார்கள், அவர்கள்மேல் தப்பில்லை. நம் வீட்டு வாசலில் மறுபடி பலகை நிற்கிறது. நானும் பக்கத்து வீட்டுக்காரரும் கட்டிலைக் கழற்றி முன்னறைக்கு இறக்கிவிட்டோம், சாப்பாட்டு மேசை கொட்டகைக்குப் போய்விட்டது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் தன்னைத் தூங்கும்போது பார்க்கிறார்கள் என்று அம்மா குறைப்பட்டுக்கொள்கிறாள், ஆனால் திரையை மூடவும் விடுவதில்லை. குளிக்க மட்டும் மேலே ஏற வேண்டும், வாரத்தில் இரண்டு நாள், அந்த இரண்டு நாளும் எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. மிஸஸ் கிட்சன் மட்டும் விடவில்லை, எங்காவது தரைத்தள வீடு வந்தால் போன் செய்கிறார், அது அவர் வேலையே இல்லை.

நான் அந்தத் தெருப் பக்கம் போவதை நிறுத்தியிருந்தேன். ரொட்டி வாங்க வேண்டுமென்றால்கூடத் தேவாலயத்தைச் சுற்றிக்கொண்டு போவேன். போன செவ்வாய்க்கிழமை கடையிலேயே லினெட் எதிரில் வந்துவிட்டாள். அம்மா பக்கத்தில் இருந்தாள். "உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒரு மனுஷன் கிடைக்கணும், மழையில ரெண்டு நாள் எனக்காக நடந்தாரு" என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பால் எடுக்கப் போவதாகத் தள்ளிப் போய்விட்டாள். என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. அங்கேயே, பிஸ்கட் அலமாரிக்கு முன்னால், சொல்லிவிட்டேன். நீங்கள் கையெழுத்துப் போடும்போதே உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது எனக்குத் தெரியும், உங்கள் கண்ணாடி எங்கே இருந்தது என்றுகூடத் தெரியும் என்றேன். லினெட் கூடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். "தெரியும்" என்றாள். "கூரைய பாக்க வந்த மனுஷன் ஒரு தடவைகூட மேல நிமிந்து பாக்கலயே." பிறகு ஏன் கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்டேன். அவள் யோசித்துத்தான் சொன்னாள். "என்னமோ எழுதி வாங்கறாங்கன்னு புரிஞ்சுது. கிரஹாம் நேரா வந்து அக்கா, எனக்கு வீடு வேணும்னு கேட்டிருந்தா நான் என்னிக்கோ குடுத்திருப்பேன். அவன் கேக்கவே இல்ல. யாராவது ஒருத்தர் வந்து என் மேசையில உக்காந்து கேட்டாங்களே, போனாப் போகுதுன்னு இருந்துச்சு" என்றாள். அவ்வளவுதான். ரொட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று நாலு நாளாகத் தவித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஊரில் சட்டம் எப்படியோ எனக்குத் தெரியாது. ஆனால் விற்பவனுடைய தரகன் கைகாட்டும் வக்கீல் வேண்டாம். நீயே தேடு, நேரில் போ, முகத்தைப் பார். அவசரப்படுத்தாத ஆளாக, உன்னிடமே முடியாது என்று சொல்லக்கூடிய ஆளாகப் பிடி. அவர் தாமதம் செய்தால் உன் அப்பனைப் போலக் கத்தாதே. அவருக்குத் தெரியாமல் நீயாக ஒரு காகிதத்தையும் எடுத்துக்கொண்டு யார் வீட்டுக்கும் போகாதே. கோலினுக்கும் இதைப் படித்துக் காட்டு, அவனும் என்னைப் போல அவசரக்காரன்.

நீங்கள் மூவரும் வெளிச்சமான வீட்டில் மனக்குறை இல்லாமல் நூறாண்டு வாழ வேண்டும், டெஸ்ஸின் உயரத்தைக் குறித்துவைக்கும் கதவு உங்களுடையதாகவே இருக்க வேண்டும், இந்த அப்பனின் ஆசி எப்போதும் உண்டு. டெஸ்ஸுக்கு அம்மா பின்னிய கம்பளிக் குல்லாய் தனியாகப் பார்சலில் வருகிறது, தலைக்குப் பெரிதாக இருந்தால் சொல்லாதே. அடுத்த ஞாயிறு போன் செய்ய மறக்காதே, ஆனால் கொஞ்சம் தாமதமாகச் செய், அம்மா முன்னறையிலேயே படுப்பதால் போன் மணி அவள் காதிலேயே அடிக்கிறது. லினெட் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள் என்றே அம்மா இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள், அல்லது நினைப்பதாகக் காட்டிக்கொள்கிறாள். இந்த உறையை நான் இன்னும் ஒட்டவில்லை. இப்போது எழுந்து போய், முதல் வரியிலிருந்து அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் ஒட்டுவேன்.

என்றும் உன் அன்பு அப்பா,
நார்மன் ஃபெரன்